பத்து சென்ட் தொகைகள்



தொகை என்னும் சொல்லுக்குத் தமிழ் அவையில் விளக்கம் வேண்டியதில்லை. பலர் பாடியவற்றைத் தேர்ந்து ஓரிடத்தே சேர்த்து வைப்பது தொகை. 1930களின் இறுதியிலும் 1940களிலும் அமெரிக்க நாட்டின் செய்தித்தாள் கடைகளில் பத்து சென்டுக்கு விற்ற வண்ணச் சித்திரக்கதை இதழ்களையும் அச்சொல்லால் குறித்தால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் அமைப்பால் அவ்விதழ்கள் தொகைகளே. சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் முதலிய அதிவீர நாயகர்கள் தத்தம் பெயர் தாங்கிய தனி நூல்களில் பிறக்கவில்லை. ஏதோ ஒரு தொகை இதழின் சில பக்கங்களில், வேறு பலரோடு கலந்து நின்று பிறந்தார்கள். அவ்விதழ்களைத் தேடிச் சேர்த்தவர்கள் யார், எதற்காகச் சேர்த்தார்கள், சேர்த்ததனால் விளைந்தது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள். விலையைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். அதற்குரிய இடம் பின்னால் வரும்.

‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 1938 ஜூன் எனத் தேதியிடப்பட்டு, அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலேயே கடைக்கு வந்துவிட்டது. இதழ் பழையதாகிவிட்டது என்று கடைக்காரர் விரைவில் திருப்பி அனுப்பிவிடாதிருக்கத் தேதியை முன்தள்ளி அச்சிடுவது அக்கால வழக்கம். மேலட்டையில் நீல உடை அணிந்த ஒருவன் மோட்டார் காரைத் தலைக்குமேல் தூக்கிப் பாறையில் மோதுகிறான். அட்டையைப் பார்த்தவர் இதழ் முழுவதும் அவன் கதையே என்று எண்ணுவார். உள்ளே இருக்கும் 64 பக்கங்களில் அவனுக்குக் கிடைத்தவை 13 மட்டுமே. மற்றப் பக்கங்களில் மேற்கத்திய மாடு மேய்ப்பவர் நாட்டுச் சாகசம் ஒன்று உண்டு. ஸட்டாரா என்னும் மந்திரவாதி உண்டு. மார்க்கோ போலோவின் பயணம், ஒரு குத்துச்சண்டை வீரன், துப்பறியும் செய்தியாளன், டெக்ஸ் தாம்சன் என்னும் ஊர்சுற்றி, படமில்லாத ஒரு சிறுகதை என்று பட்டியல் நீள்கிறது.

அந்த 13 பக்கங்களை எழுதியவர் ஜெர்ரி சீகல். வரைந்தவர் ஜோ ஷூஸ்டர். இருவரும் கிளீவ்லாந்து நகரத்து இளைஞர்கள். நாளிதழில் அன்றாடம் வரும் படக்கதையாகவே முதலில் அதைத் திட்டமிட்டார்கள். நாளிதழ்கள் ஏற்கவில்லை. ஆகவே வரைந்த கட்டங்களை வெட்டி, இதழின் பக்க அளவுக்கு ஒட்டி அனுப்பினார்கள். பக்கத்துக்குப் பத்து டாலர் வீதம் 130 டாலர் கிடைத்தது. அத்தொகைக்கு ஈடாகப் பாத்திரத்தின் முழு உரிமையும் கைமாறிற்று. வாங்கியவர்களுக்கும் தாம் வாங்கியது இன்னதென்று தெரியவில்லை. இரண்டாம் இதழ் முதல் ஆறாம் இதழ் வரை மேலட்டையில் சூப்பர்மேன் இடம்பெறவே இல்லை.

இவ்விதழ்கள் தொகைகளாக அமைந்ததற்கு இலக்கியக் கொள்கை எதுவும் காரணம் அன்று. வாணிகக் கணக்கே காரணம். மாதந்தோறும் 64 பக்கத்தை ஒருவர் எழுதி வரைந்து நிரப்புதல் இயலாது. எந்த நாயகனைச் சிறுவர் விரும்புவர் என்பதும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே எட்டுப் பத்துக் கதைகளை ஒன்றாகக் கட்டிக் கடைக்கு அனுப்பினார்கள். எது எடுபடுகிறதோ அதற்குப் பின்னர்த் தனி இதழ் தொடங்கினார்கள். தேவை பெருகவே, நியூயார்க் நகரில் கதைகளைத் தொகையாகச் செய்து கொடுக்கும் கூடங்கள் எழுந்தன. வில் ஐஸ்னரும் ஜெர்ரி ஐகரும் நடத்திய கூடம் அவற்றுள் பெயர்பெற்றது. ஒருவர் கதை எழுத, ஒருவர் பென்சிலால் வரைய, ஒருவர் அதன்மேல் மையிட, இன்னொருவர் வசனத்தைப் பொறிக்க, கதை கைமாறிக் கைமாறி உருவாயிற்று. பல கதைகளில் ஆசிரியர் பெயரே இல்லை. இருந்த இடங்களிலும் பல பொதுவான புனைபெயர்களாக இருந்தன. எழுதியவரோ வரைந்தவரோ மாறினாலும் பெயர் மாறாது.

கவிஞர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று. இவ்விதழ்கள் குறைந்த கட்டணத்தில் அஞ்சலில் செல்ல வேண்டுமானால் இரண்டு பக்கமாவது படமில்லாத உரைநடை இருக்க வேண்டும் என்பது அஞ்சல் துறையின் விதி. அவ்விரு பக்கங்களைச் சிறுவர்கள் படிக்காமல் தாண்டிச் சென்றார்கள். பதிப்பாளரும் அதை அறிவர். 1941 மே எனத் தேதியிட்ட ‘கேப்டன் அமெரிக்கா காமிக்ஸ்’ மூன்றாம் இதழில் அத்தகைய உரைநடைப் பக்கங்களை நிரப்ப ஒரு பதின்பருவத்து உதவியாளரிடம் சொன்னார்கள். ஸ்டான்லி லீபர் என்னும் அந்த இளைஞர், தம் இயற்பெயரைப் பின்னாளில் எழுதப்போகும் பெரிய நாவலுக்கென்று பத்திரப்படுத்திவிட்டு, ஸ்டான் லீ என்று கையெழுத்திட்டார். அந்த நாவல் வரவே இல்லை. கையெழுத்து மட்டும் உலகப் புகழ் பெற்றது.

தொகை என்னும் அமைப்பையே கதையாக்கிய இதழ் ஒன்றும் உண்டு. ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ மூன்றாம் இதழ், 1940ஆம் ஆண்டின் குளிர்கால வெளியீடு. வெவ்வேறு தொகை இதழ்களில் தனித்தனியே உலவிக்கொண்டிருந்த ஃபிளாஷ், கிரீன் லாண்டர்ன், ஹாக்மேன், ஸ்பெக்டர் முதலிய எட்டு நாயகர்களை எழுத்தாளர் கார்ட்னர் ஃபாக்ஸ் ஒரு விருந்து மேசையைச் சுற்றி அமர்த்தினார். ஒவ்வொருவரும் தம் அனுபவத்தை ஒரு கதையாகச் சொல்கிறார். ஒவ்வொரு கதையையும் அந்தந்த நாயகரை வழக்கமாக வரையும் ஓவியரே வரைந்தார். கதைக்குள் கதை என்னும் மரபில் தோய்ந்த இந்திய வாசகனுக்கு இது புதுமை அன்று. ஆனால் சித்திரக்கதை உலகில் அதிவீர நாயகர்கள் கூடிய முதற் சங்கம் அதுவே. ‘ஜஸ்டிஸ் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா’ என்பது அதன் பெயர்.

அச்சங்கத்தின் விதி ஒன்று விசித்திரமானது. எவருக்குத் தனி இதழ் வாய்க்கிறதோ அவர் சங்கத்தை விட்டு நீங்கி ‘கௌரவ உறுப்பினர்’ ஆகிவிட வேண்டும். ஆறாம் இதழோடு ஃபிளாஷ் விடைபெற்றார். ஏழாம் இதழோடு கிரீன் லாண்டர்ன் விடைபெற்றார். சூப்பர்மேனும் பேட்மேனும் தொடக்கத்திலிருந்தே கௌரவ உறுப்பினர்கள்தாம். தனி நூல் வெளியிட்டவுடன் வட்டத்தின் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடும் கவிஞர்களை எவரேனும் நினைத்துக்கொண்டால் அதற்குக் கார்ட்னர் ஃபாக்ஸ் பொறுப்பாகமாட்டார். வொண்டர் வுமன் அறிமுகமானதும் இதே ‘ஆல் ஸ்டார்’ எட்டாம் இதழின் இறுதியில், 9 பக்கக் கதையாகத்தான். பின்னர் அவளைச் சங்கத்தில் சேர்த்தார்கள், ஆனால் செயலாளராக. வீரர்கள் புறப்பட்டுப் போவார்கள். அவர்களினும் வலியவளான அவள் பெரும்பாலும் அலுவலகத்தில் தங்கிக் குறிப்பெழுதுவாள். அக்காலத்தின் மனப்பாங்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

பின்பக்கத்துக் கதை முன்பக்கத்தை விழுங்கிய வரலாறும் உண்டு. ‘பெப் காமிக்ஸ்’ இதழின் தலைமை நாயகன் ஷீல்டு என்னும் வீரன். அதன் 22ஆம் இதழில், 1941 டிசம்பரில், பள்ளிச் சிறுவன் ஒருவனைப் பற்றிய 6 பக்கக் கதை உள்ளே ஓரிடத்தில் வந்தது. சிறுவன் பெயர் ஆர்ச்சி. சில ஆண்டுகளில் அவன் இதழைத் தன்வயப்படுத்தினான். 1946இல் பதிப்பகமே அவன் பெயரை ஏற்றுக்கொண்டது. ஷீல்டு மறக்கப்பட்டான். தொகையில் எது நிற்கும், எது மறையும் என்பதைத் தொகுத்தவரும் அறியார் என்பதற்கு அந்த இதழ் சாட்சி.

இனி, இவ்விதழ்கள் அழிந்த கதை. லட்சக்கணக்கில் அச்சிடப்பட்ட இதழ்களில் இன்று கைவிரல் விட்டு எண்ணத்தக்க படிகளே எஞ்சியவை சில. ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் ஏறத்தாழ 2 லட்சம் படிகள் அச்சாயிற்று என்பர்; எஞ்சியவை நூறளவில் இருக்கலாம் என்பது சேகரிப்பாளர் மதிப்பீடு. காகிதமே முதற் பகை. செய்தித்தாளுக்குரிய மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் அமிலம் உள்ளிருந்தே அரிக்கும். பக்கம் மஞ்சளாகிப் பழுப்பாகித் தொட்டால் உதிரும். கம்பித் தையல் துருப்பிடித்து நடுத்தாளை விடுவிக்கும். இரண்டாவது பகை உலகப் போர். போர்க்காலத்தில் பழைய காகிதம் திரட்டும் இயக்கத்தில் சிறுவர்கள் தங்கள் இதழ்களைத் தாங்களே கட்டிச் சுமந்து சென்று கொடுத்தார்கள். நாட்டுப்பற்றை ஊட்டிய அதே நாயகர்கள் அரைத்துக் கூழாக்கப்பட்டார்கள்.

மூன்றாவது, ஒழுக்கக் காவலர்கள். 1948இல் நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில் பள்ளி மாணவர்கள் சித்திரக்கதை இதழ்களைக் குவித்து எரித்தார்கள். வேறு சில ஊர்களிலும் அவ்வாறே நடந்தது. நாஜிகள் நூல்களை எரித்ததற்கு எதிராகப் போரிட்டு முடித்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1954இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம், இளைஞர் குற்றச்செயலுக்குச் சித்திரக்கதைகளே காரணம் என்று வாதிட்டு நூல் வெளியிட்டார். அவ்வாண்டே செனட் சபைக் குழு விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் அஞ்சித் தமக்குத் தாமே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டார்கள். வெர்தாம் தம் நூலில் நோயாளிகளின் கூற்றுகளை மாற்றியும் சேர்த்தும் எழுதியிருந்ததை, அவருடைய கோப்புகளைப் பார்வையிட்டு 2012இல் கேரல் டில்லி என்னும் நூலகவியல் பேராசிரியர் வெளிப்படுத்தினார். அதற்குள் இதழ்கள் சாம்பலாகி அறுபது ஆண்டு கழிந்திருந்தது.

தொகை என்னும் அமைப்பு மறைந்ததற்கோ தீயும் காரணம் அன்று, தணிக்கையும் காரணம் அன்று. விலை பத்து சென்டிலேயே நின்றது. காகித விலையும் கூலியும் ஏறின. ஆகவே பக்கங்களைக் குறைத்தார்கள். 64 பக்கம் படிப்படியாகச் சுருங்கி, 1950களின் தொடக்கத்தில் 32 ஆயிற்று. முன்னணி இதழ்கள் விலையை 12 சென்டாக உயர்த்தியதே 1961இன் இறுதியில்தான். 32 பக்கத்தில் எட்டு நாயகர்களுக்கு இடமில்லை. ‘ஃபிளாஷ் காமிக்ஸ்’ 1949இல் நின்றது. ‘ஆல் ஸ்டார்’ 57ஆம் இதழோடு 1951இல் சங்கத்தைக் கலைத்துவிட்டுக் குதிரை வீரர் கதைகளுக்கு மாறிற்று.

இத்தனைக்கும் தப்பிய பெருந்திரள் ஒன்று கொலராடோ மாநிலத்தில் இருந்தது. எட்கர் சர்ச் என்பவர் விளம்பர ஓவியர். படங்களை மாதிரிக்கு வைத்துக்கொள்ளும் பழக்கமுடையவர். கடையில் வாங்கிய இதழ்களை வீட்டு நிலவறைப் பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக உயரமாக அடுக்கி வைத்தார். மேலுள்ள சுமை கீழுள்ள பக்கங்களைக் காற்றுப் புகாமல் அழுத்திற்று. மலைநாட்டின் உலர்ந்த காற்று எஞ்சியதைச் செய்தது. 1977இல் அவர் குடும்பத்தார் அவற்றை விற்க முற்பட்டபோது, சக் ரோஸான்ஸ்கி என்னும் இளம் வணிகர் 18,000க்கும் மேற்பட்ட இதழ்களைக் கண்டார். பல இதழ்கள் நேற்று அச்சானவை போல் வெள்ளைத்தாளோடு இருந்தன. உலகறிந்த சேகரிப்புகளில் இன்றளவும் தலையாயதாக மதிக்கப்படுவது அதுவே.

ஆனால் சேகரிப்பு என்பதற்குப் பொருள் தந்தவர்கள் வேறு வகையினர். அவர்களுள் முதல்வர் ஜெர்ரி பெயில்ஸ். டெட்ராய்ட் நகரில் வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் கற்பித்தவர். சிறு வயதில் படித்த ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ நூலகத்திலும் இல்லை, கடையிலும் இல்லை. ஆகவே அதை எழுதிய கார்ட்னர் ஃபாக்ஸுக்கே கடிதம் எழுதினார். ஃபாக்ஸ் தமக்கென்று கட்டடம் செய்து வைத்திருந்த தொகுதிகளை 1959இல் பெயில்ஸ் விலைக்குப் பெற்றார். அடுத்த ஆண்டு மிசௌரி மாநிலத்து இளைஞர் ராய் தாமஸ் அதே ஃபாக்ஸிடம் அதே இதழ்களைக் கேட்டு எழுத, ஃபாக்ஸ் அவரைப் பெயில்ஸிடம் ஆற்றுப்படுத்தினார். இருவர் நட்பின் பயனாக 1961 மார்ச்சில் ‘ஆல்டர் ஈகோ’ என்னும் சிற்றிதழ் பிறந்தது. ஊதா மையில் கையால் சுற்றிப் படியெடுத்த இதழ் அது. சிற்றிதழ் நடத்திக் கை கறைபட்டவர்கள் இந்த அவையில் பலர் இருக்கக்கூடும். அவர்களுக்கு அந்த மையின் மணம் சொல்லாமலே விளங்கும்.

பெயில்ஸ் இதழ்களைப் பெட்டியில் பூட்டவில்லை. பக்கம் பக்கமாகப் படித்து அட்டவணை செய்தார். எந்தக் கதை எந்த இதழில், எத்தனை பக்கம், எழுதியவர் யார், வரைந்தவர் யார், மையிட்டவர் யார் என்று கேள்வித்தாள் தயாரித்து, முதுமையடைந்து வேறு தொழிலுக்குப் போய்விட்ட எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் அனுப்பினார். பெயரில்லாத பக்கங்களில் கை வரையப்பட்ட விதம், நிழல் விழும் பக்கம், எழுத்தின் வளைவு ஆகியவற்றைக் கொண்டு ஓவியரை இனங்கண்டார்கள். உதிரும் இதழ்களை நுண்படச் சுருளில் பதிந்து, தேவைப்பட்டவர் படிக்க வழி செய்தார். ஹேம்ஸ் வேர் என்பவரோடு சேர்ந்து 1973 முதல் 1976 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் அகராதி இன்றைய ஆய்வுகள் அனைத்துக்கும் அடிப்படை. இதனை உ.வே.சா. அவர்களின் பணியோடு ஒப்பிடுவது மிகையாகும். பொருளின் தகுதி வேறு. ஆனால் சிதையும் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘இதைச் செய்தவர் யார்?’ என்று கேட்கும் மனம் ஒன்றுதான்.

அந்தக் கேள்வி எத்தகைய பயன் தந்தது என்பதற்குப் பில் ஃபிங்கரின் வரலாறு போதும். 1939 மே எனத் தேதியிட்ட ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27ஆம் இதழில் பேட்மேன் 6 பக்கக் கதையாகத் தோன்றினான். கையொப்பம் பாப் கேன் ஒருவருடையது மட்டுமே. கதையை எழுதியவரும், சிவப்பு உடையும் விறைத்த இறக்கையுமாகக் கேன் வரைந்து வந்த உருவத்தைச் சாம்பல் நிறமும் தொங்கும் மேலாடையும் கூர்காதுள்ள முகமூடியுமாக மாற்றச் சொன்னவரும் ஃபிங்கர். கால் நூற்றாண்டுக் காலம் அவர் பெயர் வெளியே தெரியவில்லை. 1965இல் நியூயார்க்கில் ரசிகர் கூட்டம் ஒன்றுக்கு ஃபிங்கர் வந்தார். அவர் சொன்னதைக் கேட்ட பெயில்ஸ் அவ்வாண்டே ஒரு கட்டுரை எழுதி, படியெடுத்து, ரசிகர்களுக்கு அனுப்பினார். பேட்மேனின் பிறப்பில் ஃபிங்கருக்கிருந்த பங்கை அச்சில் உரைத்த முதற் கட்டுரை அது. கேன் சினந்து மறுப்புக் கடிதம் எழுதினார். ஃபிங்கர் 1974இல் வறியவராக இறந்தார். 1989இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் கேன், நண்பருக்கு உரிய பெயர் கிடைத்திருக்க வேண்டும் என்று ஒருவாறு ஒப்புக்கொண்டார். 2015ஆம் ஆண்டில்தான் பதிப்பகத்தார் ஃபிங்கரின் பெயரையும் சேர்த்து அச்சிட இசைந்தனர். பெயில்ஸ் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார்.

அதிவீர நாயகர் இதழ் அல்லாவிடினும் இன்னோர் எடுத்துக்காட்டை விடுதல் முறையன்று. ‘வால்ட் டிஸ்னிஸ் காமிக்ஸ் அண்ட் ஸ்டோரீஸ்’ என்னும் தொகை இதழில் 1943 முதல் மாதந்தோறும் டொனால்டு வாத்தின் கதை வந்தது. இதழ் முழுவதும் டிஸ்னி என்னும் ஒரே பெயர். ஆயினும் பல வாத்துக் கதைகளுள் ஒருவர் கைவண்ணத்தை மட்டும் சிறுவர்கள் பிரித்தறிந்தார்கள். பெயர் தெரியாமையால் ‘நல்ல வாத்து ஓவியர்’ என்று அவரைக் குறித்தார்கள். 1960இல் ரசிகர்கள் கண்டறிந்தபோதுதான் அவர் கார்ல் பார்க்ஸ் என்பது தெரிந்தது. பெயர் தெரியாப் புலவருக்கு அவர் பாட்டில் வந்த உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று வழங்கிய மரபில் வந்தவர்களுக்கு அச்சிறுவர்களின் செயல் அயலாகத் தோன்றாது.

பெயரில்லாத பக்கத்தின் வரலாறு தமிழையும் தொடுகிறது. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் தன் முதல் வெளியீடாகத் தந்த ‘இரும்புக்கை மாயாவி’, இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ என்னும் தொகை வார இதழில் 1962இல் தொடங்கிய தொடர். அதன் ஓவியர் ஸ்பெயின் நாட்டு ஜீசஸ் பிளாஸ்கோ. 1984இல் அதே சிவகாசியில் தொடங்கிய லயன் காமிக்ஸ், ‘ஸ்பைடர்’ என்னும் குற்றச் சக்கரவர்த்தியைத் தமிழ்ச் சிறுவர்களுக்கு அறிமுகம் செய்தது. பெல்ஹாம், ஆர்டினி என்னும் இரு துணைவர்களோடு நியூயார்க்கைக் கலக்கிய அந்தக் கூர்ங்காதனை அன்றைய வாசகர் எவரும் மறந்திருக்கமாட்டார். அத்தொடரின் மூலமும் ‘லயன்’ என்றே பெயர் கொண்ட ஓர் ஆங்கில வார இதழில் 1965இல் தொடங்கியது. முதலில் எழுதியவர் டெட் கோவன். ஓவியர் ரெக் பன். சில கதைகளுக்குப் பின் எழுதும் பொறுப்பை ஏற்றவர் அமெரிக்காவில் வழக்கில் தோற்று வருவாய் இழந்து நின்ற ஒருவர். சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகல்தான் அவர். அக்காலத்து ஆங்கிலச் சிறுவர் வார இதழ்கள் ஆசிரியர் பெயரை அச்சிடுவதில்லை. ஆகவே இங்கிலாந்துச் சிறுவனுக்கும் தெரியாது. தமிழ்ச் சிறுவனுக்கும் தெரியாது. பள்ளிப் புத்தகத்துக்குள் மறைத்து அவன் படித்த வசனங்களுக்கு மூலமெழுதியவர் 130 டாலருக்குச் சூப்பர்மேனை விற்ற அதே மனிதர். 1975இல்தான் பதிப்பகத்தின் உரிமையாளர்கள் சீகலுக்கும் ஷூஸ்டருக்கும் ஓய்வூதியம் அளித்துச் சூப்பர்மேன் கதைகளில் அவர்கள் பெயரை மீண்டும் சேர்த்தார்கள்.

இப்போது விலையைப் பற்றி. 1970இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் பழைய இதழ்களின் விலைக் கையேட்டை முதன்முதலாக வெளியிட்டார். ரசிகர்களிடையே பண்டமாற்றாக இருந்தது சந்தையாயிற்று. 2010இல் ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் ஒரு படி 10 லட்சம் டாலருக்குச் சென்றது. 2024 ஏப்ரலில் வேறொரு படி 60 லட்சம் டாலர் பெற்றது. ‘அமேசிங் ஃபேண்டசி’ என்னும் தொகை இதழின் 15ஆம் எண், 1962இல் 12 சென்ட். 2021 செப்டம்பரில் அதன் ஒரு படிக்கு 36 லட்சம் டாலர். அந்த இதழில் ஸ்பைடர்மேன் கதை 11 பக்கம். அதே ஓவியர் ஸ்டீவ் டிட்கோ வரைந்த வேறு மூன்று சிறு கதைகளும் அதில் உண்டு. விலை கொடுத்தவர் அவற்றைப் படித்தாரா என்று கேட்பது வீண். அவர் 11 பக்கத்தையும் படித்திருக்க வழியில்லை.

ஏனெனில் இதழ் திறக்காது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சி.ஜி.சி. என்னும் தரச்சான்று நிறுவனம், இதழைப் பக்கம் எண்ணிப் பரிசோதித்து, 0.5 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, கெட்டியான ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையில் அடைத்து முத்திரையிடுகிறது. உறையை உடைத்தால் சான்று செல்லாது. இதில் நன்மை இல்லாமல் இல்லை. ஓரம் வெட்டிச் சீராக்கியும், உதிர்ந்த வண்ணத்தைத் தீட்டியும் அதைச் சொல்லாமல் விற்றவர்கள் முன்பு பலர். 1974இல் ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழைப் பெரிய அளவில் விளம்பரம் உட்பட அப்படியே மறுபதிப்பு செய்தபோது, அதன் வெளியட்டையைக் கிழித்துவிட்டு மூலப்படி என்று ஏமாற்றினவர்களும் உண்டு. அளவு மாறியிருப்பதை அறியாதவர் ஏமாந்தார்கள். அவ்வகை மோசடிக்கு உறை ஒரு மருந்து. ஆனால் அது கட்டுண்ட தொகைநூல். மேலட்டை மட்டும் தெரிகிறது. மதிப்பிடப்படுவதும் ஒரு நாயகனின் முதல் தோற்றம் மட்டுமே. மறுபதிப்பாளரும் இதற்குத் துணை நிற்கின்றனர். ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ தொகுதிகள் என்று பின்னாளில் கெட்டி அட்டையில் வந்த நூல்களில் சூப்பர்மேன் கதைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டார்கள். குறுந்தொகையில் புகழ்பெற்ற பத்துப் பாட்டை வைத்துக்கொண்டு எஞ்சியதைக் களைந்தால் எப்படியோ அப்படி.

களையப்பட்ட பக்கங்களில் இருந்தவர் யார் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘பிளானட் காமிக்ஸ்’, ‘ஃபைட் காமிக்ஸ்’ முதலிய தொகை இதழ்களில் எல். ரெனே என்னும் கையொப்பத்தோடு வந்த பக்கங்களைப் பார்த்த போர்வீரர்கள் ‘திரு. ரெனே’ என்று விளித்துக் கடிதம் எழுதினார்கள். அவர் லிலி ரெனே. நாஜிகளிடமிருந்து தப்பி 1939இல் வியன்னாவை விட்டு வெளியேறிய யூதச் சிறுமி. ஓவியரும் வரலாற்றாசிரியருமான டிரினா ராபின்ஸ் பழைய இதழ்களைப் புரட்டிப் பெண் கலைஞர்களைத் தேடியிராவிட்டால் அவர் யாரென்று உலகம் அறிந்திராது. 2022இல் 101 வயதில் மறைந்தார்.

1947 ஜூனில் ஃபிலடெல்ஃபியா நகரில் ‘ஆல் நீக்ரோ காமிக்ஸ்’ என்றொரு தொகை இதழ் வந்தது. கறுப்பினச் செய்தியாளர் ஆரின் எவன்ஸ் பதிப்பாளர். எழுதியவரும் வரைந்தவரும் அனைவரும் கறுப்பினத்தவர். 48 பக்கம், 15 சென்ட். லயன் மேன் என்னும் இளம் அறிவியலாளன் அதன் வீர நாயகன். அவனை வரைந்தவர் பதிப்பாளரின் தம்பி. இரண்டாம் இதழ் ஆயத்தமாயிற்று. எவன்ஸுக்குக் காகிதம் விற்க எவரும் முன்வரவில்லை. முதல் இதழே இறுதி இதழாயிற்று. பெரிய நாயகன் எவனும் அதில் பிறக்கவில்லை. ஆகவே பல்லாண்டு விலைக் கையேட்டின் மூலையில் கிடந்தது. அதன் படிகளைக் காத்தவர்கள் முதல் தோற்றம் தேடியவர்கள் அல்லர், படித்தவர்கள்.

வொண்டர் வுமன் கதைகளின் ஆசிரியர் ‘சார்லஸ் மோல்டன்’ என்பது புனைபெயர். அதற்குரியவர் உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன். அவர் நோயுற்றபோதும் அதே பெயரில் கதைகள் தடையின்றி வந்தன. 1944 முதல் 1947 வரை அவற்றுள் பலவற்றை எழுதியவர் அவருடைய மாணவி ஜாய் ஹம்மல். தொடங்கியபோது அவருக்கு வயது ஏறத்தாழ 20. ஒரு கதையிலும் அவர் பெயர் இல்லை. எழுத்தாளர் என்ற உரிமை மறுக்கப்பட்டோர்க்கென்று 2005 முதல் ஆண்டுதோறும் ஒரு விருது வழங்கப்பட்டு வருகிறது. அதன் பெயர் பில் ஃபிங்கர் விருது. 2018இல் சான் டியாகோ நகரில், தம் 94ஆம் வயதில், ஜாய் ஹம்மல் அதைப் பெற்றுக்கொண்டார்.